பனிக்காலச் சுற்றறிக்கையின் கடைசி வரி
(கல்விக் கழகத்தின் வெள்ளிவிழாவில் ஆற்றப்பெற்ற உரை)

 

வெள்ளிவிழா மேடையில் ஏறுவோர் கழகத்தின் அருஞ்செயல்களை எடுத்தோதுவது மரபு. அப்பணியை நமக்கு முன் பேசிய பெருமக்கள் செவ்வனே செய்துவிட்டார்கள். ஆதலின், நாம் இன்று ஒரே ஒரு தாளைப் பற்றிப் பேச வந்துள்ளோம். அமெரிக்க நாட்டில் சிக்காகோ நகரின் அருகே சில ஆண்டுகள் பணிபுரிந்து திரும்பிய நம் கழகத்து அன்பர் ஒருவர், தம் மகள் பயின்ற கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளி பெற்றோர்க்கு அனுப்பிய பனிக்காலச் சுற்றறிக்கையை நம்மிடம் காட்டினார். அதன் செய்தியை ஒவ்வொன்றாகத் தமிழில் எடுத்துச் சொன்னார். கேட்டு முடித்தபோது, நம் கழகம் இருபத்தைந்து ஆண்டுகளாகச் செய்ததும் செய்யத் தவறியதும் அத்தாளில் எழுதப்பட்டிருப்பது போல் தோன்றிற்று. அதனையே இன்று உங்கள்முன் வைக்கின்றோம்.

சிக்காகோ மிச்சிகன் ஏரியின் கரையில் உள்ள நகரம். சனவரி இரவுகளில் உறைநிலைக்குக் கீழே ஏழு எட்டுப் பாகை செல்சியசு என்பது அங்கே இயல்பு. 2019ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள் குளிர் உறைநிலைக்குக் கீழே 30 பாகையையும் எட்டிற்று. நகரப் பள்ளிகள் மூடப்பட்டன. மார்கழிப் பனிக்கே தலையில் துண்டு கட்டிக்கொள்ளும் நமக்கு அக்குளிரை எண்ணிப் பார்ப்பதும் அரிது. அத்தகைய ஊரில், ஐந்து வயதுக் குழந்தை நாள்தோறும் பள்ளிக்குப் போய்த் திரும்ப வேண்டும். அதற்கு என்னென்ன வேண்டும் என்பதைத்தான் சுற்றறிக்கை சொல்கிறது.

ஒரே தடித்த ஆடையைக் காட்டிலும் இரண்டு மூன்று மெல்லிய ஆடைகளை அடுக்கி அணிவிக்குமாறு அது கூறுகிறது. ஆடைகளுக்கு இடையே தங்கும் காற்றுத்தான் உடற்சூட்டைக் காக்கும். சிறு குழந்தைகளுக்கு ஐந்து விரல்களும் தனித்தனியே நுழையும் கையுறையைவிட, நான்கு விரல்கள் ஒன்றாகத் தங்கும் மிட்டன் உறையே நன்று என்கிறது. ஒன்றையொன்று தொட்டிருக்கும் விரல்கள் ஒன்றுக்கொன்று சூடு தரும். காலுறை நனைந்தால் உடனே மாற்றுவதற்கு இன்னொரு சோடி பையில் இருக்க வேண்டும். பனியில் நடந்த காலணியை வாயிலிலேயே கழற்றிவிட்டு வகுப்பறைக்கெனத் தனிக் காலணி அணிய வேண்டும். தொப்பி, கழுத்துத் துணி, மேலங்கி எல்லாவற்றிலும் குழந்தையின் பெயர் எழுதப்பட்டிருக்க வேண்டும். முப்பது குழந்தைகள் ஒரே நேரத்தில் அங்கியைக் கழற்றி மாட்டும்போது எது யாருடையது என்று ஆசிரியர் எப்படி அறிவார்?

இடைவேளையில் வெளியே விளையாடுவது நலமென்றே அப்பள்ளி கருதுகிறது. ஆனால், காற்றின் கடுமையையும் சேர்த்துக் கணக்கிட்ட குளிர் உறைநிலைக்குக் கீழே 18 பாகை அளவுக்கு இறங்கினால் குழந்தைகள் உள்ளேயே இருப்பார்கள். பெரும்பனி பொழிந்த காலையில் பள்ளி இரண்டு மணி நேரம் தாழ்த்தித் திறக்கும். அச்செய்தி விடியுமுன்னே பெற்றோர்க்கு வந்து சேரும். காய்ச்சல் கண்ட பிள்ளை, மருந்தின் துணையின்றி ஒரு முழு நாள் காய்ச்சலின்றி இருந்த பின்னரே வகுப்புக்குத் திரும்பலாம். இருமல் வந்தால் உள்ளங்கையில் இருமாது முழங்கை மடிப்பில் இருமக் குழந்தைக்குக் கற்பிக்க வேண்டும். பனிக்காலத்திலும் தீத்தடுப்பு ஒத்திகை தவறாது நடைபெறும்; எல்லா வாயில்களின் முன்னும் பனி வாரப்பட்டிருக்கும்.

இந்தக் கடைசிச் செய்தியைக் கேட்டதும் நாம் சற்று நின்றோம். அதற்குக் காரணம் உண்டு. 1958ஆம் ஆண்டு திசம்பர் முதல் நாள், அதே சிக்காகோவில், 'தேவதூதர்களின் அன்னை' என்னும் பெயர் கொண்ட கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளியில் பிற்பகல் வேளையில் தீப்பற்றிற்று. 92 குழந்தைகளும் 3 கன்னியரும் மாண்டனர். பழைய கட்டடம் என்பதால் புதிய தீத்தடுப்பு விதிகளிலிருந்து அதற்கு விலக்கு இருந்தது. நீர் தெளிக்கும் குழாய்கள் இல்லை. மணி அடித்தால் தீயணைப்பு நிலையத்துக்குச் செய்தி போகும் அமைப்பும் இல்லை. அதன் பிறகே அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றில் அவ்வேற்பாடுகள் வந்தன. நம் மண்ணிலும் 2004ஆம் ஆண்டு சூலை 16ஆம் நாள் கும்பகோணத்துப் பள்ளித் தீயில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்தோம். கூரை வேய்ந்த பள்ளிகளைப் பற்றி அதற்குப் பின்னர்த்தான் நாடு விழித்தது. அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும் ஒவ்வொரு வரியின் பின்னும் யாரோ ஒரு தாயின் கண்ணீர் காய்ந்து கிடக்கிறது. அதனை வெறுஞ் சடங்கென்று எண்ணலாகாது.

இனி, அப்பள்ளியின் கூட்டு வாழ்வைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். பனிக்காலம் மக்களை வீட்டுக்குள் அடைத்துவிடும் காலம். அந்தக் காலத்தில்தான் அப்பள்ளி மக்களை வெளியே அழைக்கிறது. கிறித்துமசுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளுக்கு நான்கு மெழுகுவத்திகள். வாரத்துக்கு ஒன்றாகச் சுடர் கூடும். திசம்பர் 6ஆம் நாள் புனித நிக்கோலாசு திருநாள். குழந்தைகள் கழற்றி வைத்த காலணிக்குள் ஓர் ஆரஞ்சுப் பழமோ இனிப்போ இருக்கும். பிப்ரவரி 2ஆம் நாள் மெழுகுவத்திகளைப் புனிதப்படுத்துவர். மறுநாள் புனித பிளேசு நாளில் இரண்டு மெழுகுவத்திகளைக் குறுக்காகக் கட்டித் தொண்டையருகே பிடித்து, தொண்டை நோய் அணுகாதிருக்க வேண்டுவர். தொண்டை கட்டும் பருவத்தில் வரும் சடங்கு அது! நம்பிக்கை அவரவர் உரிமை. ஆனால், பருவத்தையும் உடலையும் ஒருசேர நினைவூட்டும் வழக்கம் ஏதோ ஒரு வடிவில் எல்லா மக்களிடமும் உண்டு என்பதை நம் பாட்டிமார்களின் சுக்குக் கசாயம் அறியும்.

சனவரி கடைசி ஞாயிறன்று தொடங்குவது கத்தோலிக்கப் பள்ளி வாரம். 1974 முதல் நாடெங்கும் நடந்துவருகிறது. அவ்வாரத்தில் பெற்றோரும் தாத்தா பாட்டியரும் வகுப்பறைக்கு வந்து பிள்ளைகளோடு அமர்வர். தவக்காலத்தின் வெள்ளிக்கிழமைகளில் பங்கின் கூடத்தில் மீன் விருந்து நடக்கும். சமைப்பவர் தந்தையர், பரிமாறுபவர் பெரிய வகுப்புப் பிள்ளைகள், கிடைக்கும் பணம் பள்ளிக்கு. அதே காலத்தில் ஒவ்வொரு வீட்டு மேசையிலும் அட்டையால் செய்த சிறு உண்டியல் ஒன்று இருக்கும். 'அரிசிக் கிண்ணம்' என்று அதற்குப் பெயர். 1975இல் பென்சில்வேனியா மாநிலத்தின் அலன்டவுன் நகரில், ஆப்பிரிக்கப் பஞ்சத்தை எண்ணித் தொடங்கியது. ஒரு வேளை எளிய உணவு உண்டு, மிச்சமான காசை அதில் இடுவர். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு மழலை வகுப்புக் குழந்தை ஒன்றைத் துணையாக ஒப்படைப்பதும் அப்பள்ளிகள் பலவற்றில் உள்ள வழக்கம். பெரியவன் சிறியவனின் அங்கிப் பொத்தானை மாட்டிவிடுவான். இதற்குச் சட்டமும் இல்லை, சம்பளமும் இல்லை.

இவையெல்லாம் வளம் மிக்க நாட்டின் வசதிகள் என்று நினைத்துவிடாதீர்கள். அப்பள்ளிகள் ஏழைகள் எழுப்பியவை. பஞ்சத்துக்குத் தப்பி வந்த அயர்லாந்துக்காரர், செருமானியர், போலந்துக்காரர், இத்தாலியர் ஆகியோர் துறைமுகத்திலும் இறைச்சிக் கூடத்திலும் சுரங்கத்திலும் உழைத்து, காசு காசாகச் சேர்த்துக் கட்டியவை. அவர்களை அந்நாட்டார் வரவேற்கவில்லை. பள்ளியில் எந்த விவிலியத்தைப் படிப்பது என்ற பூசலின் தொடர்ச்சியாக 1844இல் பிலடெல்பியாவில் கலகம் மூண்டது. கத்தோலிக்கக் கோயில்கள் கொளுத்தப்பட்டன. 1884இல் பால்டிமோரில் கூடிய ஆயர் பேரவை, ஒவ்வொரு பங்கும் இரண்டு ஆண்டுகளுக்குள் தனக்கென ஒரு பள்ளி காண வேண்டும் என்று விதித்தது. மிகக் குறைந்த ஊதியத்தில் கன்னியர் கற்பித்தனர். 1922இல் ஆரிகன் மாநிலத்தில் மக்கள் வாக்கெடுப்பின் வழி ஒரு சட்டம் வந்தது. எட்டு முதல் பதினாறு வயதுவரை எல்லாப் பிள்ளைகளும் அரசுப் பள்ளிக்கே போக வேண்டும் என்றது அது. 'கூ கிளக்சு கிளான்' என்னும் வெறிக்கூட்டம் அதனை ஆதரித்தது. கன்னியர் சபை ஒன்று வழக்குத் தொடுத்தது. 1925இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் அச்சட்டம் செல்லாதென்று தீர்ப்பளித்தது. தம் குழந்தைகளுக்குத் தாமே பள்ளி நடத்தும் உரிமையை அம்மக்கள் நீதிமன்றம் வரை சென்று காத்துக்கொண்டனர்.

ஆனால், தோழர்களே! ஒடுக்கப்பட்டவன் கட்டிய வீட்டிலும் இன்னொரு ஒடுக்கப்பட்டவனுக்கு இடம் இல்லாமற் போவதுண்டு. அதனை மறைத்துப் பேசினால் இந்த உரைக்குப் பொருளில்லை. அதே கத்தோலிக்கப் பள்ளிகள் பலவற்றில் கறுப்பின மக்களின் குழந்தைகளுக்கு நெடுங்காலம் வாயில் அடைத்தே கிடந்தது. கோயிலிலும் அவர்களுக்குப் பின்வரிசையே கிடைத்தது. அடிமை முறை சட்டமாக இருந்த மேரிலாந்து மாநிலத்தில், பால்டிமோர் நகரில், மேரி லாங்கு என்னும் கறுப்பினப் பெண்மணி தம் இல்லத்திலேயே குழந்தைகளைக் கூட்டிக் கற்பித்தார். 1829இல் அவரும் தோழியர் மூவரும் தொடங்கிய கன்னியர் சபைதான் அந்நாட்டில் கறுப்பினப் பெண்களுக்கென எழுந்து நிலைத்த முதற் சபை. யாரும் பள்ளி தராத மக்களுக்கு அவர்களுள் ஒருத்தியே பள்ளி தந்தாள் என்பதை நம் பெண்மக்கள் மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும்.

பின்னர், பிலடெல்பியாவின் செல்வக் குடும்பத்தில் பிறந்த காதரின் திரெக்சல் 1891இல் ஒரு சபை கண்டு, தம் பெருஞ்செல்வத்தைக் கறுப்பின மக்களுக்கும் செவ்விந்திய மக்களுக்கும் பள்ளிகள் அமைக்கச் செலவிட்டார். 1947இல் செயின்ட் லூயிசு நகரப் பேராயர் ரிட்டர், தம் பள்ளிகளில் கறுப்பினப் பிள்ளைகளையும் வேறுபாடின்றிச் சேர்க்க ஆணையிட்டார். நாட்டின் உச்சநீதிமன்றம் பள்ளிப் பிரிவினையைச் சட்டவிரோதம் என்று அறிவித்த 1954ஆம் ஆண்டுக்கு ஏழு ஆண்டுகள் முந்தைய செயல் இது. எதிர்த்து வழக்காடப் புறப்பட்ட வெள்ளைப் பெற்றோரை, திருச்சபையிலிருந்தே விலக்கப்படுவீர்கள் என்று எச்சரித்து அடக்கினார். 1962இல் நியூ ஆர்லியன்சு பேராயர் ரம்மல் அவ்வாறே ஆணையிட்டு, எதிர்ப்பைத் தூண்டிய மூவரைச் சபையிலிருந்து விலக்கியே விட்டார்.

இக்கதை நமக்குப் புதிதன்று. வடக்கன்குளத்துக் கத்தோலிக்கக் கோயிலில் சாதிகளைப் பிரித்து நின்ற சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. கிறித்தவம் தழுவிய நம் உடன்பிறப்புகளுக்கு 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதியினர்க்குரிய உரிமைகளை மறுத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்ட பின்னும் அவர்கள் வெளியே நிற்கின்றனர். ஆதலின், எந்தச் சமயத்தின் பள்ளியையும் நாம் கண்ணை மூடிக்கொண்டு போற்றவும் வேண்டா. அதில் உள்ள நல்லதைக் கண்ணை மூடிக்கொண்டு தள்ளவும் வேண்டா. கொள்வதைக் கொண்டு தள்ளுவதைத் தள்ளும் அறிவைத்தானே கல்வி என்கிறோம்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1960களின் நடுவில் அந்நாட்டுக் கத்தோலிக்கப் பள்ளிகளில் 52 லட்சம் பிள்ளைகள் பயின்றனர். பள்ளிகள் ஏறத்தாழ 13,000. இன்றோ பள்ளிகள் 6,000க்கும் குறைவு. பிள்ளைகள் சுமார் 17 லட்சம். கன்னியர் குறைந்தனர், ஆசிரியர்க்கு முறையான ஊதியம் தர வேண்டியதாயிற்று, கட்டணம் ஏறிற்று, முதலில் குடியேறியோரின் பேரப்பிள்ளைகள் வசதி பெற்றுப் புறநகர்க்குப் போய்விட்டனர். நகரின் ஏழைத் தெருக்களில் இருந்த பள்ளிகள் பல மூடப்பட்டன. படித்து முன்னேறியவர்கள் விட்டுச்சென்ற தெருவில் புதிதாய் வந்த ஏழைக்குப் பள்ளி இல்லாமற் போயிற்று. இளைஞர்களே, இதை நாம் அமெரிக்கக் கதையாகச் சொல்லவில்லை. நம் கழகத்தால் படித்து, வேலை பெற்று, நகரத்தில் வீடு கட்டிக்கொண்டவர்கள் இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர்? அவர்களுள் மாலைப் படிப்பகத்தின் படியை இந்த ஆண்டு மிதித்தவர் எத்தனை பேர்? விடையை நாம் மேடையில் கேட்கவில்லை. அவரவர் நெஞ்சிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

நம் முன்னோர் வெறுங்கையோடு தொடங்கினர். 1894இல் அடையாற்றில் கர்னல் ஆல்காட் ஏற்படுத்திய பஞ்சமர் இலவசப் பள்ளியை நாம் அறிவோம். 1916இல் சிதம்பரத்தில் சுவாமி சகசானந்தர் நந்தனார் பள்ளியைத் தோற்றுவித்தார். அண்ணல் அம்பேத்கர் சிறுவராய்ப் பள்ளியில் இருந்தபோது உட்காருவதற்கு வீட்டிலிருந்து கோணித்துணி கொண்டுபோனார். வகுப்பின் ஒரு மூலையில் அதை விரித்து அமர்ந்து, மாலையில் வீட்டுக்கே எடுத்துச் சென்றார். பள்ளியைப் பெருக்கும் பணியாள் அதனைத் தொடமாட்டான். தாகம் எடுத்தால் குழாயைத் திறக்கப் பள்ளிச் சேவகன் வர வேண்டும். அவன் வராத நாளில் தண்ணீர் இல்லை. அக்குழந்தை 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவும் அளவுக்கு வளர்ந்தது வரலாறு. எனினும், பள்ளிக்கு ஒரு குழந்தை எதை எடுத்துச் செல்ல வேண்டியிருக்கிறது என்பதைப் பாருங்கள். சிக்காகோக் குழந்தையின் பையில் மாற்றுக் காலுறை. அம்பேத்கரின் கையில் கோணித்துணி. முன்னது குழந்தையைக் குளிரிலிருந்து காக்க வந்தது. பின்னது பிறர் 'தூய்மை'யை அக்குழந்தையிடமிருந்து காக்க வந்தது!

இப்போது நம் ஊருக்கு வருவோம். நமக்குப் பனி இல்லை; மழை உண்டு. தமிழகத்துக்கு ஆண்டில் கிடைக்கும் மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் திசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவக் காற்றால் வருவது. ஊரின் மேட்டுப் பகுதியில் யார் வீடு, பள்ளப் பகுதியில் யார் வீடு என்பதை யாரும் நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஐப்பசியில் முதலில் தண்ணீர் நிற்பது நம் தெருவில். கடைசியாக வடிவதும் நம் தெருவில். நாங்கள் படித்த காலத்தில் பள்ளிக்குப் போக ஓடையைக் கடக்க வேண்டும். அரைக்காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு, பையைத் தலையில் வைத்துக்கொண்டு கடப்போம். எங்களோடு படித்தவன் ஒருவன். கணக்கில் எங்கள் எல்லாரினும் கெட்டிக்காரன். ஒருநாள் ஓடையில் வழுக்கி விழுந்தான். புத்தகம் முழுதும் நனைந்து எழுத்துகள் கரைந்தன. வகுப்பில் ஆசிரியர் அதனைத் தூக்கிக் காட்டி, "இவர்களுக்கெல்லாம் புத்தகம் எதற்கு?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. நாங்களும் அஞ்சிச் சிரித்தோம். மறுநாள் அவன் வரவில்லை. மழை விட்டபின்னும் வரவில்லை. கார்த்திகை முடிவதற்குள் ஆடு மேய்க்கப் போய்விட்டான்.

அவனை மழை நிறுத்தவில்லை. அந்தச் சிரிப்புத்தான் நிறுத்திற்று. ஒரு மெழுகுதுணிப் பை இருந்திருந்தால் புத்தகம் நனைந்திராது. நனைந்தாலும், "போகட்டும், இன்னொன்று தருகிறேன்" என்று ஒரு சொல் இருந்திருந்தால் அவன் நின்றிருக்கமாட்டான்.

இப்போது அச்சுற்றறிக்கையின் கடைசி வரியைச் சொல்கின்றோம். மேலங்கி, தொப்பி, காலணி என்று நீண்ட பட்டியலுக்குப் பின், அதன் அடியில் ஒரே ஒரு வரி இருந்தது. 'மேற்கண்டவற்றுள் எதுவேனும் தங்கள் குழந்தைக்கு இல்லையெனில் அலுவலகத்தில் தனியே தெரிவியுங்கள், எங்களிடம் இருக்கிறது, எதுவும் கேட்கமாட்டோம்' என்பதே அவ்வரியின் பொருள். அலுவலகத்தின் பின்னறையில் ஓர் அலமாரி உண்டாம். வளர்ந்த பிள்ளைகளுக்குச் சிறுத்துப்போன அங்கிகளைத் துவைத்து, பொத்தான் தைத்து, அளவுவாரியாக அடுக்கி வைத்திருப்பார்களாம். வாங்கியவர் யார் என்பது அலுவலகப் பெண்மணி ஒருவர்க்கே தெரியும். அடுத்த ஆண்டு அதே அங்கி மீண்டும் அலமாரிக்கு வந்துவிடும். நம் அன்பர் தயங்கித் தயங்கி ஓர் உண்மையைச் சொன்னார். அந்நாட்டுக்குப் போன முதற் பனிக்காலத்தில் அவர் மகள் அணிந்ததும் அந்த அலமாரியின் அங்கிதான். "என் மகள் கறுப்பு, வெள்ளை, நாடு, சாதி எதுவும் அறியாமல் அதை அணிந்து விளையாடினாள். நான்தான் வீட்டில் அழுதேன்" என்றார்.

பட்டியலை மட்டும் எழுதிக் கடைசி வரியை எழுதாத பள்ளி, இல்லாத வீட்டுக் குழந்தையை வாயிலிலேயே நிறுத்திவிடுகிறது. பட்டியலின்றி இரக்கத்தை மட்டும் காட்டும் பள்ளி, குழந்தையைக் குளிரில் விட்டுவிடுகிறது. இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும்.

இங்கே நம் கழகத்தின் குறையை நாமே சொல்லியாக வேண்டும். ஆண்டுதோறும் சூன் மாதத்தில் குறிப்பேடுகள் வழங்குகிறோம். நற்பணிதான், ஐயமில்லை. ஆனால், எப்படி வழங்குகிறோம்? மேடை போட்டு, ஒலிபெருக்கியில் பெயர் சொல்லி, 'ஏழை மாணவி' என்று அடைமொழி கொடுத்து, வழங்குபவர் புகைப்படத்துக்கு முகம் காட்டும் வரை அக்குழந்தையை நிற்க வைத்து வழங்குகிறோம். சென்ற ஆண்டு ஒரு பெண்குழந்தை பெயர் அழைக்கப்பட்டும் மேடைக்கு வரவில்லை. கூட்டத்தில் தலை கவிழ்ந்து அமர்ந்திருந்தாள். அவளுக்கு நன்றியில்லை என்று நம்மவர் சிலர் கடிந்தனர். நன்றியில்லாதவள் அல்லள், மானமுள்ளவள். மானத்தை மீட்கத் தோன்றிய கழகம், ஆறு குறிப்பேடுகளுக்கு ஒரு குழந்தையின் மானத்தை விலையாகக் கேட்கலாமா?

ஆகையால், இந்த வெள்ளிவிழாவில் சிலவற்றை முன்மொழிகின்றோம். கழகம் வரும் புரட்டாசி முடிவதற்குள் ஒரு மழைக்காலச் சுற்றறிக்கை வெளியிட வேண்டும். அது ஒரு பக்கத்துக்கு மிகாமல், நம் தெருவில் வாசிக்கத் தெரிந்தவர் வாசிக்கத் தெரியாதவர்க்குப் படித்துச் சொல்லத்தக்க எளிய தமிழில் இருக்கட்டும். அதில் இவை அமையலாம்:

புத்தகத்தை நெகிழிப் பையிலோ மெழுகுதுணியிலோ சுற்றிய பிறகே பைக்குள் வையுங்கள். குழந்தைக்கு மாற்றுச் சட்டை ஒன்று படிப்பகத்தில் இருக்கட்டும். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக் கொடுங்கள். ஓடையில் நீர் முழங்காலுக்கு மேல் போனால் எந்தக் குழந்தையும் தனியே கடக்கலாகாது. காலை எட்டரை மணிக்குக் கழக இளைஞர் இருவர் ஓடைக்கரையில் நின்று கடத்திவிடுவர். அறுந்து கிடக்கும் மின்கம்பியின் அருகே போகாதீர்கள்; கண்டவர் உடனே பெரியவர்க்குச் சொல்லுங்கள். காய்ச்சல் இரண்டு நாள் நீடித்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள். பள்ளிக்குப் போகாத நாளின் பாடத்தை மாலைப் படிப்பகத்தில் சொல்லித் தருவோம்; மூன்று நாள் தொடர்ந்து வராத பிள்ளையைத் தேடி நாங்களே வீட்டுக்கு வருவோம்.

இவற்றின் அடியில் கடைசி வரி: 'குடையோ பையோ செருப்போ சட்டையோ இல்லாத வீட்டார், படிப்பகத்து அக்காவிடம் தனியே சொல்லுங்கள். இருக்கிறது. எதுவும் கேட்கமாட்டோம்.'

அதற்கு ஓர் அலமாரி வேண்டும். பூட்டும் சாவியும் வேண்டும். வாய் காக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். அப்பணிக்குப் பெண்மக்களே தக்கவர் என்பது எங்கள் துணிபு. வீட்டுக்கொரு சட்டை, துவைத்துத் தேய்த்து, பொத்தான் குறையாமல் தாருங்கள். கிழிந்ததைத் தருவது ஈகை ஆகாது. நகரத்தில் வாழும் நம்மவர் ஆளுக்கு இரண்டு குடை வாங்கித் தரட்டும். அவற்றின்மீது கழகத்தின் பெயரை எழுத வேண்டா. வழங்கியவர் பெயரை எழுதவே வேண்டா. எழுத வேண்டிய பெயர் ஒன்றே ஒன்று. அது குழந்தையின் பெயர். குறிப்பேடுகளையும் வரும் ஆண்டுமுதல் மேடையில் வழங்காமல் படிப்பகத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றுபோல் வழங்குவோம். வசதியுள்ள நம் பிள்ளையும் அதே வரிசையில் நின்று அதே ஏட்டை வாங்கட்டும். யார் இல்லாதவர் என்பது யாருக்கும் தெரியாமற் போகும்.

இது சிறு செயல் என்று சிலர் எண்ணக்கூடும். உரிமைப் போராட்டம் இருக்க, குடையைப் பற்றியும் பையைப் பற்றியும் பேசுவதா என்று கேட்கக்கூடும். உரிமைப் போராட்டத்தை ஒருநாளும் கைவிடோம். ஓடையின்மீது பாலம் கேட்டு மனுக் கொடுப்போம், கொடுத்துக்கொண்டே இருப்போம், வேண்டுமெனில் சாலையிலும் அமர்வோம். ஆனால், பாலம் வரும்வரை ஐப்பசி காத்திருக்காது. பாலம் வருவதற்குள் எத்தனை குழந்தைகள் ஆடு மேய்க்கப் போய்விடுவார்கள்? மனுவை ஒரு கையிலும் குடையை மறு கையிலும் பிடிக்க வேண்டிய மக்கள் நாம்.

இளைஞர்களே! எங்களுக்கு வயதாகிவிட்டது. ஓடைக்கரையில் நிற்க எங்கள் கால்களுக்கு வலுவில்லை. அங்கே நிற்க இருவர் வேண்டும். இக்கூட்டம் முடிந்ததும் வாயிலருகே உள்ள மேசையில் ஓர் ஏடு திறந்திருக்கும். அதில் வரிசையாக ஐப்பசி, கார்த்திகை, மார்கழி நாட்கள் எழுதப்பட்டுள்ளன. ஒவ்வொரு நாளுக்கும் எதிரே இரண்டு பெயருக்கு இடம் விட்டிருக்கிறோம். வீட்டுக்குப் போகுமுன் அந்த இடங்களை நிரப்பிவிட்டுச் செல்லுங்கள். அன்று கணக்கில் கெட்டிக்காரனாய் இருந்த அந்தப் பிள்ளைக்காக எங்களால் நிற்க முடியவில்லை. இன்றுள்ள பிள்ளைகளுக்காக நீங்கள் நில்லுங்கள்.